கர்ணன் எதற்காகப் போரிட்டான்?

மட்டக்களப்பு வாவியின் இருகரைச் சிற்றூர்களிலும் வடமோடிக் கூத்துப் பழகுவோர் கூலியை எதிர்பார்த்து வருவதில்லை. பகலெல்லாம் வயலிலோ தோணியிலோ உழைத்தவர் இரவில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடிப் பழகுகிறார், மாதக்கணக்கில் பழகுகிறார். உடுப்புக்கும் முடிக்கும் பெரும்பாலும் தாமே செலவழிக்கிறார். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியில் விடியும்வரை ஆடிவிட்டு, மீண்டும் மண்வெட்டியைத் தூக்குகிறார்.

இவரை ஆட்டுவிப்பது யாது? கலையார்வம் என்று ஒரு சொல்லில் விடை பகர்ந்துவிடலாம். அவ்விடை நமக்குப் போதவில்லை. அவர் ஏற்கும் பாத்திரத்தையே சற்று நோக்குவோம்.

போருக்கு முன் கண்ணன் கர்ணனிடம் பிறப்பின் உண்மையைச் சொல்லி, அரியணையையே தருவதாகக் கூறுகிறான். கர்ணன் மறுத்துவிடுகிறான். செஞ்சோற்றுக் கடன் என்பது நம் முன்னோர் தந்த விளக்கம். ஆனால் அக்கடன் சோற்றினால் வந்ததா? படைக்கலப் பயிற்சி அரங்கிலே குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றவனை ஒருவன் மட்டுமே அங்கநாட்டு மன்னனாக்கினான். சபையில் நிமிர்ந்து நிற்கும் உரிமையே அன்று அவன் பெற்ற பெருங்கொடை. அதற்காகவே இறுதிவரை போரிட்டான்.

போடியார்கள் வயலை ஆண்ட காலத்தில், அவர் முன் கைகட்டி நின்ற முல்லைக்காரர் ஓரிரவு ஊரார் பார்த்திருக்க அரசனாக வீற்றிருந்தார் என்றால், அவரும் தேடியது இதையே என நாம் கருதுகிறோம். (அரச வேடம் யாருக்கு என்பதில் சாதியும் செல்வாக்கும் தலையிட்ட ஊர்களும் உண்டு, அது தனிக்கதை.)

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பொன்னால் வாங்க முடியாத விசுவாசத்தைத் துரியோதனன் ஒரு முடிசூட்டலால் வாங்கினான். தன் வழக்கு நியாயமானதா என்று கேட்கக்கூடிய வாயையும் அதனோடு அடைத்துவிட்டான். மதிப்பு மறுக்கப்பட்டவன், அதை முதலில் தருபவனுக்குத் தன்னையே எழுதிக் கொடுத்துவிடுகிறான். கூலி கேட்பவரிடம் ஊரையும் மானத்தையும் பேசும் முதலாளி இந்த இரகசியத்தை நன்கறிந்தவன். சம்பளம் கேட்கும் ஆசிரியருக்கு ‘இது அறப்பணியல்லவா’ என்று உபதேசிப்போரையும் நம் வாசகர் அறிவர்.

1962 இல் பேராதனையில் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1969 இல் சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ அதே வடமோடி ஆட்டத்தில் சாதியையும் வர்க்க ஒடுக்குமுறையையும் அரக்கராக நிறுத்தியது. தாளமும் ஆட்டமும் பழையவை. போரிடும் காரணம் புதியது. தனக்கு முடி தந்த மன்னன் எவனுக்காகவும் அங்கே யாரும் சாகவேண்டியதில்லை. தன்னையொத்தார் எல்லோரும் குலம் கேட்கப்படாமல் நிற்கவேண்டும் என்பதே போரின் காரணம்.

கர்ணனிடமும் அதன் வித்து இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. முடிசூடிய ஈரம் காயுமுன்னே, கோலூன்றி நடுங்கி அரங்கினுள் வந்த தேர்ப்பாகனை, தன்னை வளர்த்த தந்தையை, அத்தனை அரசர் முன்னிலையில் அவன் தலைதாழ்த்தி வணங்கினான். பீமன் அதைக் கண்டுதான் நகைத்தான்.