சிக்லாகில் தேற்ற ஆள் இல்லை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை வாங்க நம் சபைகளில் கூட்டம் முண்டியடிக்கும். கைக்கு வந்த வசனத்தைப் பைபிளுக்குள் வைப்போம், வீட்டுக் கதவில் ஒட்டுவோம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வருஷம் முழுக்க அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுவது, குழம்பில் மிதக்கிற தாளிப்பை மட்டும் வழித்துத் தின்றுவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்பதைப் போன்றது.

அப்படி அட்டையில் அடிக்கடி வரும் ஒரு வசனம் 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிக்லாகு ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவிகளையும் பிள்ளைகளையும் அமலேக்கியர் கொண்டுபோய்விட்டார்கள். தாவீதும் அவனோடிருந்த 600 பேரும் அழுது அழுது, இனி அழவும் பெலனில்லாமல் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த 600 பேரும் அவனையே கல்லெறிந்து கொல்லலாமா என்று பேசுகிறார்கள். அந்த நேரத்தில் தாவீது கர்த்தரைப் பற்றிக்கொண்டு தன்னைத் தானே தேற்றிக்கொண்டான் என்று வேதம் சொல்கிறது.

நல்ல வசனம்தான். அதை மட்டும் வாசித்தால் தாவீது என்றைக்குமே தளராத விசுவாச வீரன் என்று நினைத்துக்கொள்வோம். பிறகு நம்மைப் பார்த்து, நமக்கு அந்த விசுவாசம் இல்லையே என்று சோர்ந்துபோவோம். தேற்ற வந்த வசனமே ஆளை இன்னும் கீழே தள்ளிவிடும்.

ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு 27-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். என்னைத் துரத்தும் ராஜாவாகிய சவுலின் கையில் என்றைக்காவது ஒருநாள் சாகத்தான் போகிறேன் என்று தாவீது தன் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறான். பெலிஸ்தர் தேசத்துக்கு ஓடி, காத்தின் ராஜாவாகிய ஆகீசிடம் அடைக்கலம் புகுந்து, சிக்லாகை வாங்கிக்கொண்டு ஒரு வருஷமும் நாலு மாதமும் அங்கே இருக்கிறான். 23-ஆம் அதிகாரத்தில் கேகிலாவுக்குப் போகட்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொன்றையும் கர்த்தரிடம் விசாரித்தவன் இவன். இந்த 16 மாதங்களில் அவன் ஒருமுறை விசாரித்ததாகக்கூட எழுதப்படவில்லை. கர்த்தரிடம் விசாரிக்க உதவும் ஏபோத்தோடு வந்து சேர்ந்த ஆசாரியன் அபியத்தார் அப்போதும் கூடத்தான் இருந்திருக்க வேண்டும். ஏபோத்தும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கும்.

அந்த நாட்களில் தாவீது செய்தது இன்னும் கசப்பானது. அமலேக்கியர் முதலானவர்களின் ஊர்களைக் கொள்ளையிட்டான். காத்துக்குப் போய்ச் சொல்ல ஒருவரும் மிஞ்சக்கூடாதென்று ஆணையும் பெண்ணையும் உயிரோடு விடவில்லை. ஆகீசிடம் யூதாவின் தென்புறத்தைத் தாக்கினேன் என்று பொய் சொன்னான். இந்த அதிகாரத்தை வைத்து யாரும் வாக்குத்தத்த அட்டை அச்சடிக்க மாட்டார்கள்! ஆனால் 30-ஆம் அதிகாரத்தின் பாதி அர்த்தம் இங்கேதான் கிடக்கிறது. சிக்லாகை எரித்தவர்கள், அவன் தாக்கிய அதே அமலேக்கியர்.

பைபிளின் ஓரத்தில் ஒத்த வசனங்கள் குறித்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். முன்பு சீப் வனாந்தரத்தில் தாவீது தளர்ந்திருந்தபோது யோனத்தான் தேடி வந்து, கர்த்தரைக் காட்டி அவன் கையைத் திடப்படுத்தினான். சிக்லாகில் யோனத்தான் இல்லை. அவன் தன் தகப்பன் சவுலோடு பெலிஸ்தருக்கு எதிரான யுத்தத்தில் நிற்கிறான். அடுத்த அதிகாரத்தில் கில்போவா மலையில் சாகிறான். அன்றைக்கு நண்பன் வந்து செய்ததை இன்று தாவீது தனியாகக் கர்த்தருக்கு முன்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது. நமக்கும் போதகர் வராத, சபையார் விசாரிக்காத, வீட்டிலுள்ளவர்களே முகம் திருப்பிக்கொள்கிற நாட்கள் உண்டு. தனியாக உட்கார்ந்து வேதம் வாசித்துப் பழகாதவர்களுக்கு அந்த நாட்கள் மிகவும் கொடியவை.

இடையில் ஒரு செய்தி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை முடித்து அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து, 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். ரூத்துக்கு அடுத்தது சாமுவேல். நாம் இப்போது புரட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களிலிருந்து வேலையைத் தொடர்ந்து முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. ஒரே ஆள் முடிக்காத புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும் என்று உங்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஒரு வாரம் நாலு அதிகாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாலும் தவறில்லை.

சரி, தேற்றிக்கொண்ட தாவீது என்ன செய்தான்? அபியத்தாரிடம் ஏபோத்தைக் கொண்டுவரச் சொன்னான். பின்தொடரலாமா என்று கேட்டான்; பதில் கிடைத்தது. 28-ஆம் அதிகாரத்தில் சவுல் கேட்டுப் பதில் கிடைக்காமல் எந்தோருக்கு, அஞ்சனம் பார்க்கிறவளிடம் போனதை இதோடு சேர்த்து வாசித்தால் நெஞ்சு கனக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வழியில் ஓர் எகிப்தியன் விழுந்து கிடக்கிறான். அமலேக்கியன் ஒருவனுடைய வேலைக்காரன். வியாதிப்பட்டதால் எஜமான் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லை. தாவீதின் பெண்டு பிள்ளைகள் எதிரியின் கையில் இருக்கிறார்கள், ஒவ்வொரு நாழிகையும் முக்கியம். ஆனாலும் அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் திராட்சை வற்றலும் கொடுத்து, உயிர் திரும்பிய பிறகுதான் நீ யார் என்று கேட்கிறார்கள். சொல்ல ஆள் மிஞ்சக்கூடாதென்று எல்லாரையும் கொன்றவன், இப்போது அந்நியன் ஒருவனைச் சாகவிடாமல் எழுப்புகிறான். அந்த எகிப்தியனே வழிகாட்டியாகிறான். தாவீது புதிதாகிவிட்டான் என்று வேதம் எங்கும் அறிவிக்கவில்லை. 27-ஐ வாசித்துவிட்டு வந்தவர்களுக்கு அது தானாகத் தெரியும்.

இன்னும் ஒரு கூட்டம் பாக்கி. பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் களைத்துப்போன 200 பேர். இழந்ததையெல்லாம் மீட்டுக்கொண்டு திரும்பியபோது, இவர்களுக்குப் பங்கு இல்லை என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தவனுக்கும் சம பங்கு என்றான். அதுவே இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று. உங்களில் யாராவது இன்று ஆற்றின் இந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தால், இன்று ராத்திரி 30-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து, அந்த 200 பேரில் ஒருவராக இருந்து வாசித்துப் பாருங்கள்.