ஒரு கோப்பை சூப்பின் விலை



தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று ஜேர்மனி நாட்டின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் மக்கள் பங்கு மண்டபத்திற்குச் செல்வார்கள். அங்கே பெரிய பானைகளில் பருப்போ, பட்டாணியோ, உருளைக்கிழங்கோ இட்டுக் காய்ச்சிய சூப்பு காத்திருக்கும். ஞாயிறு மதியம் இறைச்சியோடு விருந்துண்ணும் குடும்பங்கள் அன்று அந்தச் சூப்பையும் ஒரு துண்டுப் பாணையும் உண்டு, தங்கள் காணிக்கையைப் பெட்டியில் இடுவார்கள். அந்தப் பணம் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க ஏழைகளுக்காக ‘மிசெரெயோர்’ என்னும் திருச்சபை நிறுவனத்திற்குச் செல்லும். அயல்நாடாகிய ஒஸ்திரியாவிலும் கத்தோலிக்க மாதர் இயக்கத்தினர் 1958 முதல் தவக்காலத்தில் ‘குடும்ப நோன்பு நாள்’ நடத்தி வருகிறார்கள். போத்தலில் அடைத்த சூப்பும் அங்கே விற்பனைக்கு வரும்.

சூப்பு விற்று உலகத்தின் பசி தீருமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் காண அந்தச் சூப்புப் பானையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1946ஆம் ஆண்டின் இறுதி. போரில் தோற்று இடிபாடாய்க் கிடந்தது கொலோன் நகரம். கடுங்குளிர், அடுப்புக்குக் கரியில்லை, பங்கீட்டு உணவு போதவில்லை. டிசம்பர் 31ஆம் திகதி அந்நகரின் பேராயர் கர்தினால் பிறிங்ஸ் ஆண்டகை ஒரு பிரசங்கம் செய்தார். உழைத்தோ கேட்டோ பெற முடியாத நிலையில், உயிரைக் காக்க அவசியமானதை ஒருவன் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வரம்பு மீறி எடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அவ்வளவுக்கு வறுமை! அடுத்த ஆண்டில் அந்நாட்டின் இலட்சக்கணக்கான பாடசாலைப் பிள்ளைகள் கையில் பாத்திரத்துடன் சூப்புக்காக வரிசையில் நின்றார்கள். அந்த உணவுக்கு உதவியது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை எதிரிநாடாயிருந்த அமெரிக்கா.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. வீடுகள் எழும்பின, மேசைகள் நிறைந்தன. 1958 ஓகஸ்ட் மாதம் வுல்டா நகரில் கூடிய ஆயர்கள் முன் அதே கர்தினால் எழுந்து, உலகின் பசிக்கும் நோய்க்கும் எதிராகத் தவக்கால முயற்சியொன்றைத் தொடங்க அழைத்தார். அப்படிப் பிறந்ததே மிசெரெயோர். ‘நான் இரங்குகிறேன்’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள்.

அது மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன சொல். மூன்று நாளாய்த் தம்மோடிருந்த மக்கள் பசித்திருப்பதைக் கண்டு இரங்கினார். அவர்களில் சிலர் தொலைவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தார். பின்பு சீடரிடம் எத்தனை அப்பங்கள் உண்டென்று கேட்டார். கவனியுங்கள்: ஏழு அப்பங்களும் சீடரிடம் இருந்தவை. வனாந்தரத்தில் கையிலிருந்ததைக் கொடுத்தால் தங்களுக்கு எது மிஞ்சும்? ஆயினும் கொடுத்தார்கள். நாலாயிரம் பேர் உண்டனர். ஏழு கூடைகள் மிஞ்சின.

சூப்பின் விலையும் இங்கேதான் இருக்கிறது. கோவிலில் சூப்பைக் குடித்துக் காசு போட்டுவிட்டு, வீட்டில் போய் வழக்கமான விருந்தை உண்டால் அது வெறும் வியாபாரம். அந்த ஒரு வேளையேனும் நம் வயிறு குறையை உணர்ந்து, அந்தக் குறை இன்னொருவர் தட்டில் சோறாகும்போதுதான் அது நோன்பு.

2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியோடிருந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. ஒரு பங்கின் பானை அத்தனை பேருக்கும் எட்டாது. ஆனால் நம் பங்கு அப்பத்தைப் பெருக்குவதன்று. கையிலிருப்பதை மறைக்காமல் கொடுப்பதே.

பசியென்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் ஒரு குவளைக் கஞ்சிக்காக நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நினைவு நம்மை எங்கே இட்டுச் செல்கிறது? கதவை அடைக்கவா, திறக்கவா?

வரும் தவக்கால வெள்ளியொன்றில் உங்கள் வீட்டில் கஞ்சி மட்டும் காய்ச்சுங்கள். மிச்சம் பிடித்ததைப் பிள்ளைகளின் கையாலேயே காணிக்கைப் பெட்டியில் போடச் செய்யுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அன்றைய பிரசங்கத்தை நீங்களே செய்யுங்கள்.