கடல் குறித்துக் கொடுத்த நேரம்



பிரயாணத்தில் எனக்கு என்றுமே பிடிக்காத விஷயம், பிறர் வகுத்த நேரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுவதுதான். ரயில் புறப்படும் வேளை, விடுதிக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லும் வேளை, சாப்பாட்டுக் கூடம் கதவடைக்கும் வேளை என்று அன்னியர் கடிகாரங்களுக்கு ஊழியம் செய்தே பாதி யாத்திரை கழிந்துவிடுகிறது. ஆகையால், கனடா தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு ஓர் ஆகஸ்டு மாதத்தில் சென்றபோது, அந்நாட்டார் ஆர்.வி. என்று அழைக்கும் வீட்டுவண்டி ஒன்றை நானும் என் மனைவியும் வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் ஒரு லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது போன்ற அந்த வாகனத்தில், நினைத்தபோது புறப்படலாம், பசித்தபோது சமைக்கலாம், கேட்பார் எவருமில்லை. அலமாரிக் கதவைத் தாழிட மறந்த அபராதத்துக்காக முதல் வளைவிலேயே அரிசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் அட்சதை ஆயிற்று. அது வேறு கதை.

அந்தச் சுதந்திர கர்வம் ஃபண்டி விரிகுடாவின் கரையில் ஒரே பகலில் அடங்கிற்று. வண்டியை நிறுத்தும் முகாமில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அன்றன்று கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மணி நிமிஷக் கணக்காக அச்சிட்ட ஓத அட்டவணை அது.

நியூ பிரன்ஸ்விக்குக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கும் நடுவே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தூரம் குறுகிக்கொண்டே உட்செல்லும் இந்த விரிகுடாவின் தலைமாட்டில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. நம் சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து திரும்பும் நீர் பத்தாயிரம் கோடி டன்னுக்கும் மேல். காரணம் விசித்திரமானது. தலையில் குடம் சுமந்து வரும் பெண்ணின் நடைக்கும் குடத்து நீரின் அலம்பலுக்கும் தாளம் ஒத்துப்போனால் நீர் விளிம்பு தாண்டிச் சிந்துகிறதல்லவா? இவ்விரிகுடாவின் நீர் ஒருமுறை உள்ளே சென்று மீள எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 13 மணி. சந்திரன் சமுத்திரத்தை இழுத்துவிடும் காலம் 12 மணி 25 நிமிஷம். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், ஒவ்வொரு அசைவும் அடுத்த அசைவுக்கு வலுவூட்டி, கடல் அங்கே குடத்து நீராய்த் தளும்புகிறது.

அன்று காலை வற்றம் எட்டரை மணிக்கு. ஹோப்வெல் பாறைகள் என்ற இடத்தில் ஏறக்குறைய நூறு படிகள் இறங்கி, கடல் விட்டுச் சென்ற தரையில் நடந்தோம். 40 முதல் 70 அடி உயரமுள்ள செம்பாறைத் தூண்கள், அடியில் ஒடுங்கி, மேலே பருத்து, உச்சியில் மரங்களைச் சூடி, பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தாற்போல் நின்றன. திமிங்கிலங்களுக்கு அடிமைகளாயிருந்து தப்பியோடிய மனிதர்களே கரை சேருமுன் கல்லாய்ச் சமைந்தார்கள் என்று அம்மண்ணின் ஆதிக்குடிகளாகிய மிக்மாக் மக்கள் சொல்கிறார்கள். நிலவியலார் சொல்வது, உறைபனியும் மழையும் பாறையைப் பிளக்க, ஓதம் அடியை அரித்தது என்பது. அரிக்கும் கை இன்னும் ஓயவில்லை. யானைப்பாறை என்று பெயர் பெற்று, அம்மாகாணத்தாரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையிலேயே படமாக இடம்பெற்றிருந்த தூண் 2016 மார்ச் மாதத்தில் இடிந்து விழுந்தது. ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் களிமண்ணைத் தட்டினேன். காவலர் வந்து, நேரமாகிறது, மேலேறுங்கள் என்று சொல்லும் வரையில் நாங்கள் இருந்தோம்.

அடுத்த ஏற்றம் பிற்பகல் இரண்டே முக்காலுக்கு. நடுவில் ஆறு மணிக்கு மேல் அவகாசம். பேருந்துகளில் வந்தவர்கள் அரைமணியில் புகைப்படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் அப்படித்தான் சாவியைக் கையிலெடுத்தேன். “இதோ பாருங்கள், வீட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு எங்கே ஓடுகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். சாதமும் ரசமும் ஆயிற்று.

அந்த இடைவேளைதான் எங்களை மேரீஸ் பாயின்ட் என்ற முனைக்கு அழைத்துச் சென்றது. ஆர்க்டிக் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சின்னஞ்சிறு உள்ளான்கள் லட்சக்கணக்கில் இக்கரையில் இறங்குகின்றன. வற்றத்தின்போது வெளிப்படும் சேற்றில் நெளியும் சிற்றிறால்களைத் தின்று, சுமார் 20 கிராம் எடையுள்ள உடம்பை இரண்டு மூன்று வாரங்களில் இருமடங்காக்கிக்கொண்ட பிறகு, எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கின் மேல் மூன்று நாள் பறக்கின்றன. நாங்கள் போனபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. சேறு மறைய மறைய, பறவைகள் ஒடுங்கி ஒடுங்கி, எஞ்சிய கூழாங்கல் கரையில் கல்லுக்கும் இறகுக்கும் பேதம் தெரியாதபடி நெருங்கி உட்கார்ந்திருந்தன. ஒரு பருந்தின் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே சரீரமாய் எழுந்து, வெண்மையாய் மின்னி, பழுப்பாய்த் திரும்பி, மறுபடியும் அதே இடத்தில் அமர்ந்தன. அப்போது என் மனைவி வாயைத் திறக்கவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஹோப்வெல்லுக்குத் திரும்பினோம். காவிரியின் புதுவெள்ளம் போன்ற செந்நீர் தூண்களின் கழுத்துவரை நின்றது. பூந்தொட்டிகள் இல்லை, மரம் முளைத்த சிறு தீவுகள் இருந்தன, அவற்றினூடே சிறுபடகுகளில் இளைஞர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். “காலையில் நீங்கள் செருப்பைத் தட்டினீர்களே, அது எந்த இடம்?” என்றாள். காட்டினேன். மூன்று மாடி வீடு மூழ்கும் ஆழத்துக்கு மேலே ஒரு மஞ்சள் படகு மிதந்துகொண்டிருந்தது. அரைமணியில் புறப்பட்டுப் போனவர்கள் அந்தக் கடலைப் பார்த்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலை ஆல்மா என்ற மீன்பிடிச் சிற்றூரில், 1948-இல் நிறுவப்பட்ட ஃபண்டி தேசியப் பூங்காவின் வாசலில், வண்டியை நிறுத்திவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தோம். நீர் மறுபடியும் வடிந்துவிட்டது. பெரிய பெரிய மீன்பிடி படகுகள், கட்டிய கயிறு தொய்ய, துறையின் தரையில் சேற்றின்மேல் அமர்ந்திருந்தன. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவரிடம், எப்போது கடலுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தண்ணீர் வந்ததும்” என்றார்.

இரவு வண்டிக்குள் விளக்கைப் போட்டு அட்டவணையை விரித்தோம். சந்திரன் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்தி வருவதால் ஓதமும் அவ்வளவே பிந்துகிறது. மறுநாள் வற்றம் ஒன்பது இருபதுக்கு என்று போட்டிருந்தது. நாங்கள் ஐம்பது நிமிஷம் கூடுதலாகத் தூங்கினோம்.