வெயில் பக்கமும் மழைப் பக்கமும்

ஓய்வு தேடிச் செல்வது குற்றமாகுமா? பணியால் களைத்த சீடர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்து, சற்றே இளைப்பாறச் சொன்னவர் நம் ஆண்டவரே. ஆகவே ஓய்வு குற்றமன்று. ஆயினும், நம் ஓய்வின் விலையை யார் கொடுக்கிறார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நம் குடும்பங்களுள் சில, இன்று மொரீஷியஸ் தீவுக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடும் அளவுக்கு உயர்ந்துள்ளன. இது மகிழத்தக்கதே. எரிமலையால் உருவான தீவு அது. தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று நடுமேட்டில் ஏறிக் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. ஈரம் இழந்த காற்றே மேற்குக் கரையில் இறங்குகிறது. மேட்டில் ஆண்டுக்கு 4000 மி.மீ. அளவுக்கு மழை, மேற்குக் கரையிலோ 1000 மி.மீ.க்கும் குறைவு. பயணிகள் மேற்குக் கரையை நாடுவதன் காரணம் இதுவே.

ஆனால் அந்த வெயில் தனித்து நிற்பதன்று. மேட்டில் பெய்த மழைதான் ஆறாகவும் நிலத்தடி ஊற்றாகவும் கரையை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் நனைவதாலேயே மறுபக்கம் வெயில் காய்கிறது.

மனித வாழ்விலும் இவ்வாறே. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறங்கினர். சென்னைத் துறையில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. கரும்புத் தோட்டங்களில் அவர்கள் சிந்திய வியர்வையின்மீதே தீவின் செல்வம் எழுந்தது. 2020 சூலையில் 'வகாஷியோ' என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் தரைதட்டி, ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் கசிந்தது. கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, மிதக்கும் தடுப்புகள் செய்து மக்களே எண்ணெயை மறித்தனர்.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. 2017 சனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, இங்கும் வாளிகளால் எண்ணெயை அள்ளினர். 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்து, மீனவரின் வலைகளும் படகுகளும் பாழாயின. மாநகருக்கு விளக்கெரிய மின்சாரம் தரும் இப்பகுதியே சாம்பலையும் புகையையும் தாங்குகிறது. எண்ணூர், சென்னையின் மழைப் பக்கம் எனலாம்.

அங்ஙனமாயின், எவரும் எங்கும் செல்லலாகாதா? அன்று. நாம் வீட்டில் அடைந்து கிடப்பதால் கழிமுகம் தூய்மையாகிவிடாது. வேண்டுவது ஓய்வைத் துறத்தல் அன்று, ஓய்வைப் பகிர்தல். இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நிற்பதில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். கூலிகளாய்க் கப்பலேறியோரின் இனத்தவராகிய நமக்கு இது நன்கு விளங்க வேண்டும்.

எனவே பயணச்சீட்டு வாங்கும் முன் நம்மையே ஒன்று கேட்போம். நாம் பத்து நாள் வெளியூர் செல்லும்போது, நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையா, அல்லது ஊதியப் பிடித்தமா? பிடித்தம் எனில், நம் வெயிலுக்காக நனைபவர் அவரே.