சங்கிலி யாருடைய கணக்கில்?

ஒரு ஜும்ஆவுக்குப் பின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், மகன் ஆறு மாதமாகத் தூங்குவதில்லை. யாரோ காதில் பேசுவதாகச் சொல்கிறான். ஓதித் தாருங்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம், வீட்டில் இரண்டு குமர் இருக்கிறது" என்றார். ஓதிக் கொடுத்தேன். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றேன். தலை குனிந்தார்.

அவருடைய வெட்கத்தில் நமக்கும் பங்குண்டு. காய்ச்சல் கண்டவனை ஈமான் குறைந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. மனம் நோயுற்றால் மட்டும், 'ஜின் பிடித்தது', 'தொழாததால் வந்தது' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அல்லாஹ் நோயை இறக்கியபோதே மருந்தையும் இறக்கினான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்களே, அதில் மனநோய் விலக்கப்பட்டதா? 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது.

அந்த மரபின் வாரிசுகளான நம் நாட்டில் நடந்ததென்ன? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால், வீட்டின் பின்கட்டு அறையைப் பூட்டும் கையை யார் தடுப்பது?

சகோதரர்களே, ஷரீஅத் கூறுவதைச் சிந்தியுங்கள். சித்தம் தெளியும் வரை பித்துற்றவரின் செயல்களை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது. நம்மைவிட்டு அது உயர்த்தப்படவில்லை. அவர் பசித்தால், அடிபட்டால், மருந்தின்றி வாடினால், அது எவருடைய ஏட்டில் எழுதப்படும்?

"அப்படியானால் துஆ வீணா?" எனலாம். ஒருபோதும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. மருந்து உண்பதும் கயிறு கட்டுவதே. ஓதக் கேட்டு வருவோரை மருத்துவரிடமும் அனுப்பி வைப்பது என் போன்ற ஆலிம்களின் பொறுப்பு. அரசின் இலவச மனநல உதவி எண் 14416. ஜமாஅத்தார் அதைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைத்தால் என்ன?

மறுவாரம் அந்தத் தகப்பனோடும் மகனோடும் நானும் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். மனநலப் பிரிவின் வரிசையில் நம் ஊரார் ஒருவர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர்தாம் முதலில் ஸலாம் சொன்னார்.

நோயுற்றோருக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், நமக்கு அவர்கள்மீது இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.