எதுக்கு இருக்கு?

வெங்காயத்தின் ஜீனோம் நம்முடையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. முதலில் படித்தபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. வெங்காயத்துக்கு எதுக்கு இவ்வளவு?

அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். நம்மிடமும் அதே கதைதான். சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதங்களுக்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ பாதி, தன்னைத்தானே நகலெடுத்துப் பரவியவையும் அவற்றின் எச்சங்களும். 'அலு' என்கிற 300 எழுத்துத் துண்டு மட்டுமே 10 லட்சம் இடங்களுக்கு மேல் கிடக்கிறது, எவனோ காப்பி-பேஸ்ட் அடித்துவிட்டு வேலையை விட்டுப் போன மாதிரி. 1972இல் சுசுமு ஓனோ 'குப்பை டிஎன்ஏ' என்றார். 1980இல் ஆர்கெலும் கிரிக்கும் இன்னும் கறாராகச் சொன்னார்கள்: நகலாகத் தெரிந்தால் போதும், உடலுக்குப் பயன்படாமலே ஒரு துண்டு தங்கிவிடும்.

இதை ஏற்க எனக்கு மனசு வரவில்லை. பயன் இருந்தே ஆகணும் என்று தேடினேன். கிடைக்கவும் செய்தது. நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் என்ற புரதம், ஏதோ பழைய ரெட்ரோவைரஸ் நம் முன்னோர்களுக்குள் விட்டுப்போன ஜீனிலிருந்து வருகிறது. அருமையான உதாரணம். ஆனால் அதைக் காட்டி மற்ற லட்சக்கணக்கான நகல்களுக்கும் நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. சில கெடுக்கவும் செய்கின்றன. 1988இல் இரண்டு ஹீமோபிலியா நோயாளிகளிடம், 'லைன்-1' துண்டு ரத்தம் உறையவைக்கும் ஜீனுக்குள் போய் விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மிச்சமெல்லாம்? பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இருப்பதற்குக் காரணம் உண்டு, பயன்தான் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு உறைக்க நாளானது.

ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் பயனைத் தேடினேன்? அந்தப் பழக்கம் ஆபீஸில் வந்தது. ஆட்குறைப்புப் பட்டியலில் என் டீமின் மூத்தவர் ஒருவர் பெயர் இருந்தது. "அந்தப் பழைய பில்லிங் மாட்யூலை இவரைத் தவிர யாருக்கும் தெரியாது" என்று மெயில் எழுதிக் காப்பாற்றினேன். பெருமையாகக்கூட இருந்தது. பதினாலு மாசம் கழித்து அந்த மாட்யூலையே தூக்கிவிட்டார்கள். மறுபடி பட்டியல் வந்தபோது என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

மனுசனையும் டிஎன்ஏவையும் ஒப்பிடுவது அபத்தம், தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் நான் வைத்த வாதம் ஒன்றுதான்.

அவர் போன பிறகு அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படித்தேன். எட்டு வரி. ஏழு வரி மாட்யூலைப் பற்றி.