ஆயிரம் ரூபாய்க் குதிரை

உங்களிடம் ஒரு கேள்வி. அடக்க விலையே நூறு ரூபாய் ஆகிற ஒரு பொருளை ஒருவர் எண்பது ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அடக்கம் நூறு என்பது உங்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொள்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் குறைகிறது. இப்போது நீங்கள் ஏமாந்தவரா, கூட்டாளியா?

அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். நானே ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் குடியிருப்பது திருநீர்மலையில். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது ஸ்தலபுராணம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நாலு கோலத்தில் இங்கே பெருமாள். எங்கள் அபார்ட்மெண்டில் மழைத் தண்ணீரும் அப்படித்தான். மொட்டை மாடியில் நின்றது, சுவருக்குள் இருந்தது, மூன்றாவது மாடி சீலிங்கில் கிடந்தது, கடைசியில் லிஃப்ட் குழிக்குள் நடந்தே போய்விட்டது. ஆழ்வார் காத்திருந்தது ஆறு மாதம். பதினாறு வீட்டுக்காரர்கள் நாங்கள் ஆறு வருஷம் காத்திருந்தோம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அபார்ட்மெண்டிலும் அதே கதைதானே? கீழ்வீட்டுக்காரருக்கு மொட்டை மாடி ஒழுகினால் என்ன? வாடகைக்கு விட்டுவிட்டு துபாயில் இருப்பவருக்குப் பெயிண்ட் உதிர்ந்தால் என்ன? இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் மயாமி பக்கத்தில், சர்ஃப்சைடில் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. வாட்டர் ப்ரூஃபிங் போய் கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று 2018-லேயே இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தார். அப்போதைய மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர். சண்டை, ராஜினாமா, மறுபடி சண்டை. 2021-ல் செலவு ஒன்றரைக் கோடி டாலர் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஜூன் 24 நள்ளிரவு தாண்டியதும் கட்டடத்தின் பெரும் பகுதி சரிந்தது. 98 பேர் செத்துப்போனார்கள்.

எங்கள் கட்டடம் 2006-ல் கட்டிய சின்னக் கட்டடம். ஆனாலும் அந்த வீடியோ வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிச் சுற்றி வந்ததில், ஒரு நாள் எல்லோரும் சரி என்றார்கள். நான் பி.காம். அதனால் பொருளாளர். பி.காம். படித்தவனுக்குச் சமூகம் தருகிற தண்டனை இது.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசல் அடைத்து, வாட்டர் ப்ரூஃபிங் போட்டு, கூலிங் டைல்ஸ் ஒட்ட வேண்டும். துருப்பிடித்த கம்பி தெரிகிற இடங்களைக் கொத்தித் துரு நீக்கிப் பூச வேண்டும். வெளிச்சுவருக்கு ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட். ஒருவர் 11.20 லட்சம். ஒருவர் 9.60 லட்சம். மூன்றாமவர் 6.90 லட்சம். அத்தனையும் ஒரே வேலைக்கு!

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டீலரிடம் விலை கேட்டதில் மெட்டீரியல் மட்டும் 4.70 லட்சம். எட்டு ஆட்கள், நாற்பத்தைந்து நாள், பெரியாள் சித்தாள் சராசரியாக ஆளுக்கு 900 ரூபாய் வைத்தால் 3.24 லட்சம். சாரம் வாடகை, வண்டி, குப்பை அள்ளுவது 42 ஆயிரம். நடு கொட்டேஷன்காரர் தன் தாளில் பதினோராவது வரியாக ஒன்று எழுதியிருந்தார்: பெல்ட், வலை, ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ், 38 ஆயிரம். மற்ற இரண்டு பேரும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மொத்தம் 8.74 லட்சம். ஆக 9.60 சொன்னவருக்கு 86 ஆயிரம் நிற்கும். ஒன்றரை மாச உழைப்புக்கு அது நியாயமான லாபம்தான். 6.90 சொன்னவர் ஒன்று தர்மப் பிரபு, இல்லாவிட்டால் பிரைமரைப் பார்க்காதவர்.

இதுவரை நான் நல்லவன். கவனித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் கூட்டம். ஒரு வீட்டுக்கு அறுபதாயிரம் என்றதும் சலசலப்பு. தரைத்தளத்தில் ஒரு அம்மா இருக்கிறார். எழுபது வயசு, ஃபேமிலி பென்ஷன். அவரைப் பார்த்தபடி ஒருவர் சொன்னார், "இவங்கள்லாம் எங்கே சார் போவாங்க? கொஞ்சம் பேசிக் குறைங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். என் பணமாக இருந்தால் வேறு. ஊர்ப் பணத்தில் தாராளம் காட்ட எனக்கு என்ன உரிமை? ஒரு விதவையின் பென்ஷனில் நான் உத்தமன் பட்டம் வாங்குவதா? அந்த நிமிஷத்தில் இது சுத்தமான நியாயமாகத்தான் தெரிந்தது.

நடு கொட்டேஷன்காரரைக் கூப்பிட்டோம். திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி, காண்ட்ராக்டராக ஆனவர். 6.90 தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இதுல செய்ய முடியாது சார்" என்றார். "நீங்க எவ்வளவு குறைப்பீங்க?" அரை மணி நேரம் பேசினோம். பதினோராவது வரிக்கு வந்தபோது, "ஆளுங்க சேஃப்டி உங்க பொறுப்புதானே, எங்க கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்று கேட்டு அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தது நான்தான். கடைசியில் 8.10-க்கு வந்தார். அந்த வரியை எடுத்த பிறகும் என் கணக்கில் அடக்கம் 8.36. இருபத்தாறாயிரம் இடிக்கிறது. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மழைக்கு முன்னாடி வேற வேலை இல்லை சார். ஆளுங்களை ஊருக்கு அனுப்பிட்டா திரும்ப வரமாட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டார். எனக்குக் கைதட்டு. ஒன்றரை லட்சம் மிச்சப்படுத்தியவன் அல்லவா?

காலேஜில் மெர்க்கன்டைல் லா படித்தவர்களுக்கு அந்தக் குதிரை ஞாபகம் இருக்கும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 25-ஆம் பிரிவில் ஒரு உதாரணம். ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையை ஒருவன் பத்து ரூபாய்க்கு விற்கச் சம்மதிக்கிறான். மனமொப்பிச் சம்மதித்திருந்தால் அது ஒப்பந்தம்தான். விலை குறைவு என்பதற்காகச் செல்லாமல் போகாது. பரீட்சைக்கு இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மனமொப்பிய சம்மதம் எது என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. பலாத்காரம் கூடாது, தகாத செல்வாக்கு கூடாது, மோசடி கூடாது, தவறான தகவல் கூடாது, பிழை கூடாது. அவ்வளவுதான். வேலை இல்லாத மாசம் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே பிரிவில் அடுத்த உதாரணமும் அதே குதிரைதான் என்பதை நான் மறந்திருந்தேன். விற்றவன் "நான் மனமொப்பிச் சம்மதிக்கவில்லை" என்று சொன்னால், இத்தனை குறைந்த விலை என்பதையே கோர்ட் ஒரு விஷயமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆயிரத்தைப் பத்துக்குக் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு என்ன நெருக்கடியோ என்று விசாரி என்பது போல. வாங்குகிறவனும் அதைக் கேட்கலாம்தான். யார் கேட்கிறோம்?

பேரமே தப்பு என்று சொல்லும் ஆள் நானில்லை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசாதே, மாலில் பேசு என்று அடிக்கடி ஃபார்வர்ட் வருமே, அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 11.20 சொன்னவரிடம் தாராளமாகப் பேசலாம். அவர் தாளில் கொழுப்பு இருந்தது. லாபத்தோடு மல்லுக்கட்டுவது வியாபாரம். அடக்கத்துக்குக் கீழே போய்விட்ட பிறகு யாரோடு மல்லுக்கட்டுகிறோம்? சிமெண்ட் கடைக்காரர் ஒரு ரூபாய் விடமாட்டார். பெயிண்ட் கம்பெனி விடாது. சாரம் வாடகைக்காரர் விடமாட்டார். மிச்சம் இருப்பது சுவரும், சுவரில் தொங்குகிற ஆளும்.

1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியிடம் நண்பர் போலக் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஜான் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்'. அன்று ராத்திரி காந்திக்குத் தூக்கம் வரவில்லை. அதில் ரஸ்கின் கேட்கிறார்: உடம்புக்கு வந்தால் ஃபீஸ் குறைவான டாக்டர் யார் என்றா தேடுகிறோம்? கூலியை நிலையாக வைத்துவிட்டு, நல்ல வேலைக்காரன் யார் என்பதில்தான் போட்டி இருக்க வேண்டும். அரைக் கூலிக்கு வருகிறேன் என்று மட்டமான வேலைக்காரன் நுழைந்தால் நல்லவனும் சரிந்துவிடுவான் என்கிறார். ரஸ்கின் ஒயின் வியாபாரி வீட்டுப் பிள்ளை, பணக்காரர். பதினாறு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் நடந்தது அவர் சொன்னதுதான்.

பழைய பெயிண்டர்கள் இரண்டு பேர் அந்தக் கூலிக்கு வர மறுத்துவிட்டார்கள். மேஸ்திரி ஊரிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார். பத்தொன்பது வயசு இருக்கும். கலவை போட வந்தவன், பத்தாம் நாளே கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து சுவர் சுரண்டிக்கொண்டிருந்தான். பெல்ட் இல்லை. நான் தினமும் ஆபீஸ் போகும்போது நிமிர்ந்து பார்ப்பேன். "பார்த்துப்பா" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை பலகை சாய்ந்தது. முதல் மாடி உயரம். சன்ஷேடில் மோதி விழுந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. குரோம்பேட்டை ஜி.ஹெச்.சில் கட்டுப் போட்டார்கள். மணிக்கட்டிலும் முழங்கையிலும் முறிவு. மூன்று மாசம் வேலை செய்யக்கூடாது.

எனக்கு மௌலிவாக்கம் ஞாபகம் வந்தது. போரூர் பக்கத்தில் 2014 ஜூன் 28 சாயங்காலம், மழையில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். ஃபிளாட் புக் பண்ணியவர்களுக்குப் போனது பணம். அதுவும் பெரிய இழப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கட்டடம் தப்பாகப் போனால் முதலில் அடியில் சிக்குகிறவர், அதில் ஒரு சதுர அடிகூட வாங்க முடியாதவர்.

மறுபடி கூட்டம். "நாம காண்ட்ராக்டர்கிட்ட வேலை குடுத்தோம். அவர் ஆளுக்கு அவர்தான் பொறுப்பு. இப்ப காசு குடுத்தா, தப்பு நம்மளுதுன்னு ஆயிடும்" என்றார் ஒருவர். சட்டம் தெரிந்தவர். அக்ரிமெண்ட்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

தரைத்தளத்து அம்மா மட்டும் கேட்டார், "ஏன் தம்பி, முதல் தாளில் பெல்ட்டுக்குன்னு ஏதோ இருந்ததுன்னு மேஸ்திரி சொல்றாரே. எவ்வளவு அது?"

"முப்பத்தெட்டாயிரம்மா."

"வீட்டுக்கு எவ்வளவு வரும்?"

போனில் தட்டிப் பார்த்தேன். 2,375 ரூபாய்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரரிடம் சில்லறை மறந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவர் பென்ஷனை முன்னால் நிறுத்தித்தான் அந்த வரியை அடித்தேன். அவரை ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள விருப்பம் இல்லாமல்தான் கேட்காமல் இருந்தேனோ என்றும் இப்போது தோன்றுகிறது. ஏழைகள் பெயரைச் சொல்லி மிச்சம் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது சார். மிச்சமும் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும்.

அந்த 38 ஆயிரத்தைப் பையனுக்குக் கொடுக்கலாம் என்று பதினொரு வீடு சம்மதித்தது. ஐந்து வீடு மாட்டேன் என்றது. மிச்சத்தை நான் போட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அது என் பேனாவுக்கு வந்த பில். மேஸ்திரி ரூபாயை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "பையன் இனிமே உயரத்துல ஏற மாட்டேங்கிறான் சார்" என்றார். வேலை முடிந்தது. மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். ஒழுகவில்லை. பெயிண்ட் மட்டும் வடக்குச் சுவரில் இந்த ஐப்பசி மழைக்கே வெளுத்துவிட்டது. பிரைமர் அடித்தாரா என்று நான் கேட்கவில்லை. இருபத்தாறாயிரம் எங்கே போயிருக்கும் என்று எனக்கே தெரியும்போது அவரை எப்படிக் கேட்பது?

போன வாரம் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. செத்தால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு தாளில் லாரி, மோட்டார், குழாய் நீளம் என்று விவரம் இருக்கிறது. மூன்றாவது, பாதி விலை. அதில் மோட்டார் பற்றிப் பேச்சே இல்லை. 'ஆட்கள் - 2' என்று மட்டும் எழுதியிருக்கிறது. குரூப்பில் போட்ட ஐந்தாவது நிமிஷம் முதல் பதில் வந்தது: "மூணாவது ஓகே சார். இன்னும் கொஞ்சம் பேசிக் குறைங்க."